வலிக்குத் தைத்த சட்டை

தையற்கடை மாஸ்டரின் மனைவிக்கு வந்த அக்கி ஆறிச் சில மாதங்கள் கழிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதன் வலி அவளை விட்டு இறங்கி வீட்டின் நடு அறையில் வந்து நின்றது. தரையிலிருந்து விலா உயரம் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆனால் ஜன்னல் வெயிலில் மிதந்து வந்த நூல் துகள்கள் அந்த இடத்துக்கு வந்ததும் தயங்கி, ஒரு அரைவட்டம் போட்டு, விலகிப் போயின. அதை வைத்துப் பார்த்தால், நடுமுதுகில் தொடங்கி இடது விலாவைச் சுற்றிக்கொண்டு மார்புக்குக் கீழே வந்து முடிகிற ஒரு பட்டையின் வடிவத்தில் அது இருந்தது. அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. வெள்ளை நூல்கண்டின் விலை ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் என்பதால் கடையில் சீருடைகள் கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்து கிடந்தன.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. இவ்வளவுதான் அவர்களுடைய இடம். மாஸ்டர் அளவெடுப்பார், வெட்டுவார், மிஷினில் ஓட்டுவார். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைப்பது எல்லாம் மனைவியின் பாடு. அதனால் தெருவில் அவளுக்குப் பொத்தானம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் அவளுக்கே ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால்தான் ஞாபகம் வரும். மாஸ்டரின் தையலுக்கு ஒரு குணம் உண்டு. எந்த உடுப்பானாலும் தையலுக்கு உள்பக்கம் இரண்டு அங்குலம் துணியை மடித்து விட்டுவிடுவார். ஆள் பருத்தால் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்பது கணக்கு. பெரிதாக்கச் சொல்லி வருகிறவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். சிறிதாக்கச் சொல்லி வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். உடுப்பைப் பிடித்துத் தைப்பது, அதைத் தைத்தவனை அவமானப்படுத்துவது என்பது அவருடைய கட்சி. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரை நம்பித்தான் தைரியமாகப் பருத்தார்கள். நாள் முழுக்க ஊராருடைய தோளையும் இடுப்பையும் தொட்டு அளவெடுக்கிற அந்தக் கைக்கு, கடை சாத்திய பிறகு சும்மா இருக்கத் தெரியாது. மனைவியோடு பேசினால் அவளுடைய இடது விலாவில் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவார். தூங்கும்போதும் கை அங்கேதான் கிடக்கும். கல்யாணமான புதிதில் தொடங்கியது இது. இருவரும் இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை, அந்தக் கை அங்கிருந்து விலகிப் போகிற வரைக்கும்.

குளிர்காலக் கோட்டுகள் தைத்துக்கொண்டிருந்த நாட்களில் பொத்தானம்மாவுக்கு இடது முதுகில் ஒரு எரிச்சல் தொடங்கியது. குனிந்தே காஜா எடுத்ததால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். சில நாளில் அந்த இடத்தில் கொப்புளங்கள் எழும்பின. முதுகில் புறப்பட்டு, விலாவைச் சுற்றி முன்னால் வந்து, உடம்பின் நடுக்கோட்டில் கத்தரித்த மாதிரி நின்றன. வலது பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் பார்த்ததுமே அக்கி என்றார். சின்ன வயதில் சின்னம்மை போட்டிருக்கும், அந்தக் கிருமி இத்தனை வருடம் நரம்புக்குள் தூங்கிவிட்டு இப்போது எழுந்திருக்கிறது என்று விளக்கினார். மாத்திரைகள் எழுதினார். "புண்ணு ஆறிடும்மா. ஆனா சிலருக்கு ஆறின பிறகும் நரம்பு வலி இழுத்துக்கிட்டே போகும். பொறுமையா இருக்கணும்" என்றார். பொறுமைக்கு மட்டும் சீட்டு எழுதவில்லை.

புண் டாக்டர் சொன்னபடி ஆறியது. வலி அவர் சொன்னபடி ஆறவில்லை. சிலநேரம் எரியும், சிலநேரம் குத்தும், சிலநேரம் போய்விட்டது போலப் பாவனை செய்துவிட்டு, அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துத் திரும்பி வரும். துணி பட்டால் உயிர் போனது. காலமெல்லாம் துணியோடு வாழ்ந்தவளைத் துணியே தீண்டக்கூடாது என்று ஆகிவிட்டது. கணவருடைய பழைய பருத்திச் சட்டை ஒன்றைத் தையல் வெளியே தெரிகிற மாதிரி உள்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்; தையல் மேட்டின் உரசலைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. வெயில் காலம் வந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலும் வலித்ததால் விசிறியை நிறுத்தி வைத்தார்கள். மதியங்களில் அந்த வீடு வேர்த்துக் கிடந்தது. ஈரத்துணியைப் பிழிந்து விலாவில் போட்டுக்கொண்டு, வலது பக்கமாகச் சாய்ந்து, காஜா எடுத்துக்கொண்டே இருப்பாள். ஊசி துணிக்குள் போய் வெளியே வருகிற அந்தக் கணத்தில் மட்டும் வலி கொஞ்சம் வேறு பக்கம் பார்க்கும். அந்தக் கோடையில் அந்தத் தெருச் சட்டைகளின் காஜாக்கள் எல்லாம் தேவைக்கு அதிகமாகவே உறுதியாக இருந்தன.

மாஸ்டரின் அக்கா அடுத்த தெருவில் இருந்தார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசிப் பேசி, வீட்டில் பேசினாலும் நான்கு பேருக்கு அப்பால் நிற்கிறவருக்குக் கேட்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த நாத்தனாரை உட்காரவைத்து உபசரிக்கப் பொத்தானம்மா எழுந்திருக்கவில்லை என்பதில் பேச்சு தொடங்கியது.

"ஏம்மா, புண்ணுதான் காஞ்சு உதிர்ந்து போச்சே. தோலு நல்லாத்தானே இருக்கு. வலி எங்கேர்ந்து வருது?"

"தெரியல அண்ணி. வருது."

"எனக்கும்தான் முட்டி வலி. நான் என்ன எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டா திரியிறேன்?"

சொல்லிக்கொண்டுதான் திரிந்தார்; பேருந்து நிலையத்துக்கே தெரியும். ஆனால் அவர் சொன்ன வார்த்தை தம்பியின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. முதல் இரண்டு மாதம் ஈரத்துணி பிழிந்து கொடுத்தார், சமைத்தார், விசிறி இல்லாத அறையில் வாய் திறக்காமல் வேர்த்தார். கண்ணுக்குத் தெரிகிற புண் போன பிறகு, அளவெடுக்க முடியாத ஒன்றை எப்படி நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ ஞாபகத்தில் பழைய இடத்தில் கையை வைத்துவிட்டார். அவள் துள்ளி விலகியதில் தட்டு விழுந்து உடைந்தது. "எத்தன நாளைக்குத்தான் இதையே சொல்லிக்கிட்டிருப்ப? வலி யாருக்குத்தான் இல்ல?" என்று கேட்டுவிட்டார். பொத்தானம்மா துண்டுகளைப் பொறுக்கினாள். அன்றிலிருந்து அவள் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பரவாயில்லையா என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்றாள். படுக்கையைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சொன்னபோது நம்பாத மனிதர், அவள் சொல்லாமல் விட்டதும் குணமாகிவிட்டதாக நம்பி, கடையில் பாட்டுக்கூடப் பாடினார்.

அந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒருவர் கோட்டைக் கழற்றுவது போல நிதானமாக வலி அவளிடமிருந்து இறங்கிப் போனதை அவள் படுத்தபடியே உணர்ந்தாள். சொல்ல ஆள் இல்லாத வலி நெடுநாள் உள்ளே தங்காது என்று பிற்பாடு தெருவில் சிலர் விளக்கம் கொடுத்தார்கள். மருத்துவத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். எது எப்படியோ, மாஸ்டர் கை நிறையச் சீருடைகளைத் தூக்கிக்கொண்டு நடு அறை வழியாக வந்தார். அது அவருடைய இடது விலாவில் பட்டது. அவர் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்தார், சீருடைகள் நாலா பக்கமும் சரிந்தன. பொத்தானம்மா படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவந்தாள்.

"இதுவா?" என்றார். "இதுவாம்மா?"

"ஆமாங்க."

"இத்தன நாளா இதோடயா இருந்த?"

"ஆமாங்க."

மாஸ்டர் அழுதார். தன் அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுததை யாரும் பார்த்ததில்லை. வலி விட்டபிறகும் அழுதார். அந்த அழுகை வலிக்காக இல்லை, உடைந்த தட்டுக்கும் கேட்ட கேள்விக்குமாக. "நான் ஒரு மடையன்மா, நான் ஒரு மடையன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கு அவர்மேல் கோபம் நிறைய இருந்தது. அதை என்றைக்காவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கூட வைத்திருந்தாள். அழுகிறவரைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று மறந்துவிட்டது. "எந்திரிங்க, துணியெல்லாம் கசங்குது" என்று மட்டும் சொன்னாள்.

செய்தி தெருவில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. நாத்தனார் வந்தார். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று இருவரும் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், காற்றுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்று விறுவிறுவென்று நடந்து, நேராக அதில் போய் மோதினார். தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதுவே தெருவுக்கு ஒரு அதிசயம். பிறகு பொத்தானம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடும்மா, நான் வாயில வந்ததப் பேசிட்டேன்" என்றார். அக்கம்பக்கத்தார் வரிசையில் வந்து ஆளுக்கொரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் இரண்டாவது முறை தொடவில்லை. டாக்டரும் வந்தார். கைப்பையைக் கீழே வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையால் ஒருமுறை மெதுவாகத் தொட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, இதுதான்" என்றார். பழைய மாத்திரையையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார்.

வலி இல்லாத அந்த நாட்களில் பொத்தானம்மா விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு அதன் நேர் கீழே நின்றாள். நாளில் பாதி அங்கேதான். மொட்டை மாடிக்குப் போய்க் காற்றில் நின்றாள். காற்று வந்து சட்டையை விலாவோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று, அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி போட்ட மொடமொடப்பான ஒரு மேலாடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக, வேலை இல்லாவிட்டாலும், நடந்தாள். மதியத்தில் இடது பக்கமாகப் படுத்துத் தூங்கினாள். ஒரு தூக்கத்துக்குள் இன்னொரு தூக்கம், அதற்குள் இன்னொன்று என்று இறங்கிக்கொண்டே போய், எழும்போது வீட்டுச் சாமான்களெல்லாம் கழுவி வைத்த மாதிரி புதிதாக இருந்தன. மாஸ்டர் பழைய இடத்தில் கையை வைத்தார், முதலில் பயந்து பயந்து, பிறகு பயமில்லாமல். வலிக்குத் தொந்தரவு தராமல் இருவரும் நடு அறையின் ஓரமாகச் சுவரை ஒட்டி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

முதலில் கவனித்தது அவள்தான். நூல் துகள்கள் விலகிப் போகிற அரைவட்டம் நகர்ந்திருந்தது. அவள் கடையில் உட்கார்ந்தால் திரைச்சீலைப் பக்கம் வந்தது. சமையலறையில் நின்றால் சமையலறை வாசலுக்கு வந்தது. மெதுவாகத்தான், நாளைக்கு ஒரு சாண் அளவுக்கு. விலா இல்லாமல் அதற்கு நிற்கத் தெரியவில்லை. "அது என்னத்தான் தேடுதுங்க" என்றாள். "மறுபடியும் என்னால முடியாது. அது வந்துட்டா உங்க கையும் போயிடும்." மாஸ்டர் அன்று கடையைத் திறக்கவில்லை. வெட்டுப்பலகை மேல் உட்கார்ந்து யோசித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு உடம்பு எப்படிப்பட்டதானாலும், அளவாக ஒரு சட்டை தைத்துவிட்டால் அது ஒரு நிலைக்கு வரும். எழுந்து அங்குல டேப்பை எடுத்தார்.

வலிக்கு அளவெடுத்த விஷயம் தெருவில் இன்றும் பேசப்படுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் கை எரிந்தது. எடுத்துவிட்டு வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், ஆறியதும் அடுத்த அளவு. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணியை எடுத்தார். மேடுபள்ளம் உறுத்தக்கூடாது என்று தையலை வெளிப்பக்கமாக வைத்தார். ஒரு பக்கம் மட்டும் உள்ள அரைச்சட்டை, கட்டிக்கொள்ள நான்கு நாடா. சட்டையை வலியின் மேல் மெதுவாகப் போர்த்தி, நாடாவைக் கட்டி, ஹேங்கரில் மாட்டி, நடு அறைச் சுவரில் தொங்கவிட்டார். வலி அடங்கி நின்றது. அடுத்த நாளும் அங்கேயே நின்றது. அவருடைய தையலிலேயே சிறந்தது அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாஸ்டரும் அடக்கமாக அதை ஒப்புக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சட்டை இறுக்கமானது. தையல் திணறி, நூல் வெளியே தெரிந்தது. கிழிந்தால் அது மனைவிமேல் பாய்ந்துவிடும் என்ற பயத்தில் மாஸ்டர், தான் எப்போதும் செய்வதையே செய்தார்: பிரித்துப் பெரிதாக்கினார். வலி அந்த அளவுக்கும் பருத்தது. ஒட்டுத்துணி வைத்து இன்னும் பெரிதாக்கினார். அதற்கும் பருத்தது. மழை தொடங்குவதற்குள் அது ஒரு கோட்டு அளவாகி, பிறகு இரண்டு ஆள் கோட்டு அளவாகி, சுவரில் அடித்த ஆணி வளைந்து தொங்கியது. அதற்குள்ளிருந்து தூரத்தில் மிஷின் ஓடுவது போல ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. கணவனும் மனைவியும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, வெட்டுப்பலகைக்குக் கீழே படுக்க ஆரம்பித்தார்கள். திரைச்சீலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைப்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது.

அடுத்த முறை பிரிப்பதற்குப் பொத்தானம்மா உதவிக்கு வந்தாள். பிளேடால் நூலை அறுத்து ஒரு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"எது?"

"தையல்ல ரெண்டு அங்குலம் மடிச்சு விட்டிருக்கீங்க."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கை தானா விட்டுருச்சு" என்றார்.

"வலிக்குப் போயி வளர எடம் விட்டு வச்சிருக்கீங்களே!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கி வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை. தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, பிளேடைத் தூர வைத்துவிட்டுச் சிரித்தாள். அசடு வழிய நின்ற மாஸ்டரும் கடைசியில் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்தபின் அவள் சொன்னாள்: "பிடிச்சுத் தைங்க." வாழ்நாளில் ஒருவருக்கும் பிடித்துத் தைக்காத மனிதர், மறுபேச்சுப் பேசாமல் மிஷினுக்கு எண்ணெய் விட்டார்.

ஆனால் பலகையில் போட்டுப் பிடித்தால் வலி மறுபக்கம் போய்ப் புடைத்துக்கொண்டது. கடை வாசலில் நிற்கும் தலையில்லாத பொம்மைக்கு மாட்டிப் பார்த்தார்கள். மூச்சு விடாத உடம்பில் அது உட்காரவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆளுக்குப் போட்டுப் பார்க்காமல் உடுப்பைப் பிடிக்க முடியாது என்பது எந்தத் தையற்காரருக்கும் தெரியும். பொத்தானம்மாவும் அதே முடிவுக்கு வந்து, தன் மேலாடைப் பொத்தானைக் கழற்றப் போனாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்தார்.

"நான் போட்டுக்கிறேன். நீ குண்டூசி குத்து."

"வேணாங்க. உங்களால தாங்க முடியாது."

"நீ தாங்கினியே."

"எனக்கு வேற வழி இல்லாமத் தாங்கினேன்."

"எனக்கும் வேற வழி இல்லம்மா" என்றார் மாஸ்டர், நாடாவை அவிழ்த்தபடி.

முதல் நாள் ஒரு பாட்டு ஓடும் நேரம்கூட அவரால் நிற்க முடியவில்லை. பொத்தானம்மா பல்லில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் குத்தினாள். குத்திக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, விட்டா அதுவும் கொஞ்சம் விடும். விசிறிக்கு முதுகக் காட்டாதீங்க. ஈரத்துணிய நல்லாப் பிழிஞ்சு போடணும், சொட்டினா அது வேற எரியும். அடுத்த நிமிசம் எப்படி இருக்கும்னு நெனைக்காதீங்க, கையில இருக்கற வேலையப் பாருங்க. திட்டணும்னு தோணினா திட்டுங்க, யாரையாவது, என்னைத் திட்டினாலும் சரி. இதையெல்லாம் அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. சுவரோரப் படுக்கையில் தனியாகக் கிடந்து கண்டுபிடித்தவை. ஒவ்வொன்றையும் கேட்கும்போது, அதை அவள் கண்டுபிடித்த அன்று தான் எங்கே இருந்தோம் என்று மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. சிலநாள் தான் பாடிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. காஜா எடுக்கக் கற்றுக்கொண்டார். அது கேவலமாக இருந்தது, ஆனால் ஊசி துணிக்குள் போய் வெளியே வருகிற அந்தக் கணத்தைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான்.

மழைக்காலம் முழுக்கத் தினமும் கொஞ்சம் பிடித்துத் தைத்தார்கள். சட்டை சிறுத்தது, உள்ளே இருந்ததும் வேறு வழி இல்லாமல் சிறுத்தது. நடு அறை திரும்பக் கிடைத்தது. இரண்டு ஆள் கோட்டு ஒரு ஆள் கோட்டாகி, அரைச்சட்டையாகி, அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு கைக்குட்டையை மடித்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு ஒரு சின்னப் பட்டையாக வந்து நின்றது. அதற்குமேல் பிடிக்கத் துணி இல்லை, மிஷின் ஊசி இறங்க இடம் இல்லை. டாக்டர் வந்து பார்த்து, சிலருக்கு இந்த அளவில் நின்றுவிடும் என்றார். அதைச் சும்மா தொங்கவிடவும் முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். யாரும் கட்டிக்கொள்ளாமல் விட்டால் மறுநாளே தையல் திணறத் தொடங்கிவிடும். எனவே முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர், ஒருநாள் அவள். மாஸ்டர் தன் முறையை நீட்டிக்கப் பார்ப்பார். அவள் விடமாட்டாள். "குடுங்க, இன்னைக்கு என்னோடது" என்று வாங்கித் தன் விலாவில் கட்டிக்கொள்வாள். சின்னதுதான், ஆனாலும் வலி வலிதான். ஆயினும் எப்போது கழற்றலாம் என்று தெரிந்த வலி அவளுக்குப் புதிது. வாடிக்கையாளர்கள் முதலில் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பிறகு, கடைக்குள் நுழைந்ததும் இன்று யார் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டை அவள்மேல் இருக்கும் நாளில் அவளைத் தொட முடியாது. அவர்மேல் இருக்கும் நாளில் அவர் பக்கத்தில் நெருங்கிப் படுக்க முடியாது. இருவரில் ஒருவர் எப்போதும் ஒரு முழம் தள்ளியே இருக்க வேண்டியிருந்தது. வலி நன்றாகச் சிறுத்த பிறகும் அந்த ஒரு முழம் சிறுக்கவில்லை. டிக்கெட் கொடுத்துக் கொடுத்து, கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்த ஊருக்கு என்று சொல்லிவிடுகிற நாத்தனாருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை, அவருக்கு வார விடுமுறை, மதியம் வந்தார். அன்று மாஸ்டரின் முறை. நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"அதக் கழட்டிக் குடு தம்பி."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? சாயங்காலம் கொண்டாந்து தரேன். நான் மட்டும் இந்த வீட்டு ஆளு இல்லியா?"

"அண்ணி, வேணாம், உங்களுக்கு முட்டி வலி வேற" என்றாள் பொத்தானம்மா.

"முட்டிக்குத் துணையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கக்கூடாது, விட வேண்டும் என்று பொத்தானம்மா சொல்லிக் கொடுத்தாள். நாத்தனார் விட்டார். கடைக் கதவை வெளியிலிருந்து தானே சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அடுத்த தெருவுக்குப் போனார். வழியில் யாரோ என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று வழக்கமான குரலில் சொன்னது நான்கு வீடு தள்ளிக் கேட்டது.

உள்ளே இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு நடு அறையில் பாயை விரித்து, விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தார்கள். மாஸ்டர் தன் கையை அவளுடைய இடது விலாவில் வைத்தார். அவள் விலகவில்லை. அவரும் விலகவில்லை. நூல் துகள்கள் அவர்கள் மேலாக, எதற்கும் தயங்காமல், நேராக மிதந்து போயின.

"கை கனமா இருக்குங்க" என்றாள்.

"எடுத்துடவா?"

"வேணாம்."

வெளியே யாரோ ஒருவர் சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்து, கதவைத் தட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை மதியம் அந்தக் கடை திறக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொன்னார், ஏதோ காலம்காலமாக இருக்கிற வழக்கம் மாதிரி. வந்தவர் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரலாம் என்று திரும்பிப் போனார்.